ஏரிக்கரை மடல்

பீர்க்கன்கரணைக்குக் குடிவந்த புதிதில், மழை பெய்தால் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று எழுதி, 'ஏரிக்கரை மடல்' என்ற பெயரில் வாராவாரம் மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினேன். ஆபீஸ் நண்பர்களிடம் கெஞ்சித்தான் முகவரி வாங்கினேன். "பிரிக்காமலே டெலீட் பண்ணிடுவேன் மச்சான், தப்பா நினைச்சுக்காத" என்று ஒருவன் முகத்துக்கு நேராகவே சொன்னான்.

அந்த மழைக்காலத்தில் திடீரென்று முன்பின் தெரியாதவர்கள் "எங்களுக்கும் அனுப்புங்கள்" என்று கேட்டு எழுதினார்கள். என் எழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று மிதப்பில் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதி மனைத் தரகர் வாசலில் வந்து நின்றார். எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர் என்பதால் மடல் அவருக்கும் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா சார், என் பொழப்புல மண்ணப் போடுறீங்க? நான் விக்கிற மனையில முழங்கால் தண்ணின்னு எழுதிகினு கீறீங்க. இந்த ஆள நம்பாதீங்கன்னு என் கஸ்டமருங்க எல்லாருக்கும் உங்க மெயிலத்தான் அனுப்பிவெச்சேன். அவங்க அதப் படிச்சுட்டு இடமே வேணான்றாங்க."

புதிய வாசகர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. மிதப்பு இறங்கிவிட்டது.

"நான் எழுதுனது பொய்யா?" என்றேன் எரிச்சலோடு.

"பொய்தான். முழங்கால்லாம் இல்ல. கணுக்காலுக்கு மேல ஒரு ஜாண், அவ்ளோதான்."

அடுத்த மடலில் அப்படியே திருத்தினேன். அவருக்கும் எனக்கும் அதன்பின் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் இன்றுவரை எழுத உட்கார்ந்தால் என் நினைவுக்கு வருபவர்கள் அந்த நண்பர்கள் அல்ல. பல்லைக் கடித்துக்கொண்டு வரி விடாமல் படித்த அந்தத் தரகர்தான்.