பத்தாம் நம்பர் செருப்பு

போன வருடம் தம்பி மலேசியாவிலிருந்து லீவில் வந்தபோது வீட்டுக்கு இரண்டு கேமராக்கள் வாங்கி வந்தான். ஒன்றை வாசலுக்கு மேலே தெருவைப் பார்த்து மாட்டினான். இன்னொன்றை ஹாலில் மாட்டலாம் என்று ஏணியில் ஏறியவனை அம்மா கீழே இறங்கச் சொல்லிவிட்டாள்.

"களவாணி தெருவுலேருந்துதானடா வருவான். அங்கன பாத்தாப் போதும். வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்."

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அந்த விவகாரம் நடந்தபோது தம்பி தொட்டிலில் கிடந்தான், அவனுக்கு எப்படி விளங்கும்? நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அப்போது எங்கள் வீட்டுக்குக் காவலாக இருந்தது கேமரா இல்லை, ஒரு ஜோடி செருப்பு.

எங்கள் ஊர் ராமநாதபுரத்திலிருந்து கடலைப் பார்த்துப் போகிற ரோட்டில் இருக்கிறது. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் ஆண்கள் சபர் போனவர்கள். சவூதி, துபாய், குவைத் என்று ஆளுக்கு ஒரு திசை. தெருவில் மிச்சம் இருந்தது பெண்களும் பிள்ளைகளும் காது கேளாத சில கிழவர்களும்தான். இது திருடர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தெருக்கோடி வீட்டுக்காரர்கள் கடலாடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று, பட்டப்பகலில் பின்கதவைப் பெயர்த்து உள்ளே புகுந்துவிட்டார்கள். நகை போயிற்று. அந்த வீட்டு மாப்பிள்ளை துபாயிலிருந்து கொண்டுவந்த, புலிப்படம் போட்ட கம்பளியும் போயிற்று. போகிற போக்கில் ஃபிரிட்ஜிலிருந்த மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கழுவின தட்டுதான் எங்கள் தெருப் பெண்களை ரொம்பவும் பயமுறுத்தியது.

அடுத்த வாரமே தெரு கோட்டை மாதிரி ஆகிவிட்டது. ஒரு வீட்டில் மதில்மேல் கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். நாய் வளர்ப்பது எங்கள் வீடுகளில் வழக்கம் இல்லை என்பதால் ஒரு வீட்டில் வான்கோழி வாங்கினார்கள். அது தபால்காரரைத் துரத்தியது, எங்களையெல்லாம் கொத்தியது. கடைசியில் அதையே யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரு மரக்கதவும் ஒரு பூட்டும். கடற்காற்றுக்கு எந்தப் பூட்டும் எங்கள் ஊரில் தாங்காது. வாராவாரம் தேங்காய் எண்ணெய் விடாவிட்டால் நமக்கே திறக்காது. அத்தா சவூதியில் தம்மாம் ஊரில் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டதும், "கிரில் கேட்டு போட்டுரலாம். ஆனா நான் வந்துதான் போடணும். நோன்புக்கு வாரேன்ல" என்றார். "இங்கன ஒரு பயமும் இல்ல மச்சான், நீங்க நிம்மதியா இருங்க" என்றாள் அம்மா. எங்கள் பக்கத்தில் மனைவிமார் கணவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிச் சொன்ன அதே அம்மா, படுக்கப் போகும் முன் அரிசி மூட்டையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தாள்.

அப்போதுதான் மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். ராமநாதபுரம் பஜாரில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை, தெரிந்த விஷயத்தைச் சொல்லாமல் இருக்கவும் தெரியாது. சட்டென்று பையிலிருந்து ஒரு ஜோடி கறுப்புச் செருப்பை எடுத்துப் போட்டார். நான் என் இரண்டு காலையும் ஒரு செருப்புக்குள் வைக்கலாம், அவ்வளவு பெரிது.

"களவாணி ராத்திரி வாரதுக்கு முன்னாடி பகல்ல ஒரு நட வந்து பாத்துட்டுப் போவான். கதவயா பாப்பான்? கொடியப் பாப்பான், வாசலப் பாப்பான். கொடியில ஒரு கைலி இல்ல, வாசல்ல ஒரு ஆம்பளச் செருப்பு இல்லன்னா, சோலி முடிஞ்சுது."

"அதுக்கு இம்புட்டுப் பெருசா? அவுகளுக்கு ஏழுதானே?" என்றாள் அம்மா.

"இது பத்து. ஏழாம் நம்பரப் பாத்து எவன் பயப்படுவான்?" என்று மாமா சொல்ல, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

போகும்போது மாமா என் காதைப் பிடித்து, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார். "வெளிய தெரிஞ்சா பலிக்காது. அத்தாட்டயும் போன்ல சொல்லிராத. நீங்க போன்ல கத்துற கத்து தெரு பூராவும் கேக்கும்." அந்தக் காலத்தில் சவூதிக்குப் பேசுவதென்றால், சவூதிக்கே கேட்கிற மாதிரி கத்தித்தான் பேசுவோம். அதனால் மாமா சொன்னதில் நியாயம் இருந்தது.

செருப்பு என் பொறுப்பு ஆனது. ஒரே இடத்தில் கிடந்தால் தூசி படிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் ஒரு மாதிரியும் போட்டு வைத்தேன். பிறகு எனக்கே ஒரு யோசனை தோன்றியது. எங்கள் முற்றம் மணல்தானே? செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு, வெளிக்கதவிலிருந்து வாசற்படி வரைக்கும் தொம் தொம் என்று நடந்து தடம் பதித்தேன். அங்கே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிடுவேன். ஆகவே முற்றத்தில் ஒரு பெரிய ஆள் தினமும் வீட்டுக்குள் போன தடம் இருந்தது. வெளியே வந்த தடம் ஒருநாளும் இல்லை.

அம்மா தன் பங்குக்கு அத்தாவின் பழைய பச்சைக் கட்டம் போட்ட கைலியை நனைத்துக் கொடியில் போட்டாள். மாமா சொன்னபடி வெறும் அறையைப் பார்த்து, "மச்சான், டீ ஆறுது" என்று தெருவுக்குக் கேட்கக் குரல் கொடுத்தாள். முதல் நாள் வெட்கப்பட்டாள். போகப்போக அது அவளுக்குப் பிடித்துவிட்டது. மீன் என்ன விலை விற்கிறது, தம்பிக்குப் பல் முளைக்கிறது, மோட்டார் மறுபடி மக்கர் செய்கிறது, எல்லாவற்றையும் அடுப்படியிலிருந்தபடி அந்த இல்லாத ஆளிடம் சொல்வாள். நடுநடுவே சிரிப்பும் உண்டு. போனில் அத்தாவிடம் பேசியதைவிட இவரிடம் அதிகம் பேசினாள். இவரிடம் பேசினால் போன் கார்டில் காசு குறையாது.

திருடன் வரவில்லை. ஆனால் எதிர்வீட்டு மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு மிட்டாயைக் கையில் கொடுத்து, "வீட்டுக்கு யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டார். "யாரும் இல்லையே" என்றேன். அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது, ஓடிவிட்டேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஜும்ஆ தொழுகை நேரத்தில் எங்கள் தெருவில் ஆண் வாடையே இருக்காது. கிழவர்கள்கூடக் கம்பை ஊன்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். ஆண்களுடைய செருப்பெல்லாம் அந்நேரம் பள்ளிவாசல் படியில்தான் கிடக்கும். எங்கள் வாசலில் மட்டும் பத்தாம் நம்பர் செருப்பு. எல்லாவற்றையும் யோசித்த மாமா வெள்ளிக்கிழமையை யோசிக்கவில்லை. அம்மாவுக்கும் தோன்றவில்லை. மதிலுக்கு மேலே மாமியின் தலை தெரிந்தது.

"ஜும்ஆவுக்குக்கூடப் போகாத ஆளாம்மா அது?"

"எந்த ஆளு?" என்று கேட்டுவிட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மாமாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் ஊர் வாய் தம்மாம் வரைக்கும் நீளும். மாமியின் மகன் அங்கே அத்தாவுக்குப் பக்கத்து ரூம். அடுத்த தடவை போன் வந்தபோது அத்தா அம்மாவிடம் அதிகம் பேசவில்லை, என்னைக் கேட்டார்.

"வீட்டுல யாரெல்லாம் இருக்கா?"

"நான், அம்மா, தம்பி."

"வேற?"

"வேற யாரும் இல்லையே அத்தா" என்றேன். சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.  அத்தோடு லைன் துண்டாகிவிட்டது. அதன் பிறகு போனே வரவில்லை. அம்மா மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்தாள். வேலை அதிகமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ பிரசங்கம் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் ஒரு ஆட்டோ நின்றது. அதிலிருந்து ஒரு கைப்பையோடு இறங்கி, சுவர் ஓரமாக நடந்து வந்தவர் அத்தா. கத்திக் கூப்பிட வாயைத் திறந்தேன், உடனே மூடிக்கொண்டேன். அவர் முகம் நான் பார்த்திராத முகமாக இருந்தது.

வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வந்தார். கொடியில் சொட்டிக்கொண்டிருந்த கைலியைப் பார்த்தார். மணலில் உள்ளே போன தடத்தைப் பார்த்தார். செருப்பின் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மச்சான், சோறு ஆறுது. வந்து உக்காருங்க." கொஞ்சலாகத்தான் சொன்னாள், அந்த ஆளிடம் அவள் அப்படித்தான் பேசுவாள்.

அத்தா குனிந்து ஒரு செருப்பைக் கையில் எடுத்தார். அதை ஓங்கிப் பிடித்தார். திருடனைத்தான் அடிக்கப் போகிறார், ஆனால் திருடனை எங்கேயும் காணோமே என்று நான் விழித்தேன். படியேற ஒரு காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். செருப்பின் உள்பக்கத்தைப் பார்த்தார். என் கால் எட்டாத குதிகால் பக்கத்தில், நம்பர் போட்ட ஸ்டிக்கர் கடையில் ஒட்டினபடி பளபளவென்று இருந்தது. எந்த ஆம்பிளையும் போட்டு நடந்திராத செருப்பு அது.

நான் வெளியே ஓடினேன். "அத்தா, அது களவாணிக்கு!" என்று தொடங்கி மாமா, கைலி, தடம், ரகசியம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சிரிக்க வேண்டிய இடம் எத்தனையோ இருந்தது. அவர் ஒன்றுக்கும் சிரிக்காமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. பிறகு அவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள், கைப்பையைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் காலியாகக் கிடந்த தெருவைப் பார்த்தாள்.

"பெட்டி எங்க?" என்று கேட்டாள்.

சபரிலிருந்து வருகிறவர் பெட்டியோடுதான் வருவார். பெரிய அட்டைப்பெட்டி, கயிறு போட்டுக் கட்டி, மேலே மார்க்கரில் பேர் எழுதியிருக்கும். மாதக்கணக்கில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துக் கட்டுவார்கள். அத்தா செருப்பைக் கீழே வைத்தார். 

"உள்ள வாங்க. உங்களத்தான் சாப்பிடக் கூப்புட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

எனக்கு அழுகையாக வந்தது, சாக்லேட் இல்லையே என்று. அத்தாவின் பெட்டியை ஏர்போர்ட்டில் திருடன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று மறுநாள் வகுப்பில் சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அத்தா இரண்டு வாரம் இருந்தார். வந்த மறுநாளே வெல்டிங் பட்டறைக்காரரைக் கூட்டிவந்து கிரில் கேட் போட்டார். தெருவிலேயே உயரமான கேட். இரண்டு சாவி உள்ள பெரிய பூட்டும் வாங்கிவந்தார். பூட்டுக்கு எண்ணெய் விட்டார், மோட்டாரைச் சரிபண்ணினார், தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார். செருப்பை மாமா வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மட்டும் அவர் யாருக்கும் ஒரு யோசனையும் சொல்லவில்லை. அம்மா வேளாவேளைக்குச் சமைத்துப் போட்டாள், அத்தாவுக்குப் பிடித்த நண்டுகூட வாங்கினாள். ஆனால் ஒரு தடவைகூட மச்சான் என்று கூப்பிடவில்லை. "அத்தாவச் சாப்பிட வரச் சொல்லு" என்பாள் என்னிடம். அத்தா பக்கத்திலேயே இருப்பார். ஆள் இல்லாதபோது அவ்வளவு பேசியவள் ஆள் வந்ததும் ஊமையாகிவிட்டாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அத்தா கிளம்பிய அன்று ஆட்டோ வந்து நின்றது. அம்மா உள்ளேயிருந்து பூட்டின் இரண்டாவது சாவியை எடுத்து வந்து அத்தாவிடம் நீட்டினாள். அவரிடம் நேராகப் பேசினாள்.

"இத நீங்க வச்சுக்கங்க. அடுத்த தடவ சொல்லாம வாரப்ப வாசல்ல நிக்க வேணாம். தெறந்துக்கிட்டு நேரா உள்ள வந்து பாத்துக்கங்க."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. அம்மாவுக்கு அத்தாமேல் எவ்வளவு பிரியம், சாவியையே கொடுக்கிறாளே! அத்தா சாவியை வாங்கிக்கொண்டார். தம்பிக்கு முத்தம் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிர வெகுநேரமாயிற்று. பிறகு அம்மாவைப் பார்த்து, "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ நகர்ந்த பிறகுதான் பார்த்தேன். வாசற்படியில், அந்தப் பெரிய செருப்பு கிடந்த இடத்தில், சாவி கிடந்தது.

"அத்தா, சாவி! சாவிய விட்டுட்டீங்க!" என்று கத்திக்கொண்டு எடுத்து ஓடினேன். அம்மா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஓடாத. இருக்கட்டும்."

சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வழியிலிருந்து போன் வந்தபோது, முதல் மணியிலேயே ஓடிப் போய் எடுத்தாள்.

"மச்சான், சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். தெரு பூராவும் கேட்டிருக்கும்.

அவ்வளவு பெரிய பூட்டின் சாவியைப் படியிலேயே போட்டுவிட்டுப் போன ஆளை ஒரு வார்த்தை கண்டிக்காமல், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாளே என்று எனக்குக் கோபமாக வந்தது. அத்தாவுக்கு மறதி அதிகம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.