ஏற்காட்டில் பெண்கள் பக்கம்

ஏற்காட்டுக்கு எல்லாரும் படகு ஓட்டப் போவார்கள். நானும் என் மகள் ஸ்டெல்லாவும் போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை செபக்கூட்டத்துக்குப் போனோம்.

ஸ்டெல்லா திருநங்கை. நான்கு வருடத்துக்கு முன்னால், எங்கள் ஊர் மாதா கோயிலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்தவளை, ஆண்கள் பக்கம் போ என்று எழுப்பிவிட்டார்கள். அன்றோடு கோயிலை விட்டாள். வீட்டில் செபமாலையை மட்டும் விடவில்லை. ஏற்காட்டில் சில சிஸ்டர்கள் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். வாழவந்தி, செம்மநத்தம் என்று ஊர் ஊராகப் போய், பிள்ளையைத் துரத்திய வீடுகளில் உட்கார்ந்து பேசுகிறார்களாம். கேள்விப்பட்டு நான்தான் கூப்பிட்டேன்.

"ஒரு தடவை வரேன்ப்பா. அங்கயும் எழுப்பிவுட்டா, அப்புறம் என்னைய எந்தக் கோயிலுக்கும் கூப்புடாதீங்க" என்றாள்.

சேலத்தில் எட்டு மணி பஸ். முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதிலேயே நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டேன்.

"ஏனுங்க, காலைல எத்தனை இட்லிங்க?" என்றார் கண்டக்டர்.

"ஆறுங்க."

"நொம்ப தைரியந்தானுங்க உங்களுக்கு."

ஸ்டெல்லா சிரித்தாள். சேலத்தை விட்டபிறகு அதுதான் முதல் சிரிப்பு.

சிஸ்டர்களின் கோயில் சின்னது. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள். ஸ்டெல்லா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள். எவராவது வாயைத் திறந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று, அவளை இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சுக்குக் கூட்டிப்போய், பக்கத்திலேயே நானும் அசையாமல் உட்கார்ந்தேன். பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்னாலிருந்து ஒரு சிஸ்டர் நேராக எங்களிடம் வந்தார். ஸ்டெல்லா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எந்திரிங்க. இது பொம்பளைங்க பக்கம்ங்க."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் மறந்துவிட்டது. "சிஸ்டர், இவ எம்பொண்ணுங்க" என்றேன்.

"அது தெரியுதுங்க. நான் உங்களைத்தான் சொன்னேன். அந்தப் பக்கம் போங்க. கண்ணு, நீ உள்ள தள்ளி உக்காரு, இன்னும் ரெண்டு பேரு வரோணும்."

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. நான் எழுந்து ஆண்கள் பக்கம் போனேன். அங்கே ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். "போன மாசம் என்னையும் இப்பிடித்தானுங்க கெளப்புனாங்க."

எதிர்ப் பக்கம் பார்த்தேன். ஸ்டெல்லா பக்கத்தில் இருந்த அம்மாவோடு ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தாள். சுருதி சேரவில்லை; அது என் பரம்பரைச் சொத்து. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மத்தியானச் சாப்பாடு அவர்களே போடுகிறார்கள், இரண்டு இட்லி போதும். பிள்ளையைத் தைரியமாகக் கூட்டிப்போங்கள். அப்பாக்கள் மட்டும் வலப்பக்கம் உட்காரவும்.