முப்பத்தொன்றரை அங்குலம்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். முந்தின நாள் சோற்றைத் தாளித்துப் பாதியைச் சாப்பிட்டு, மீதியை டிபன் பாக்ஸில் வைத்தேன். ஏழு மணிக்கு நந்திதுர்க்கில் இருக்கும் என் பட்டறையைத் திறந்து, தரையைப் பெருக்கி, இரண்டு உளிகளைத் தீட்டினேன். மைக்கா ஷீட்டுகளைச் சுருட்டி மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு எட்டரைக்குப் பக்கத்து ஊரான ஊரிகத்துக்குக் கிளம்பினேன். லேசான தூறல். நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித்தான் தொடங்குகிறது.

கட்டில், பீரோ, சமையலறை அலமாரி என்று கேட்கிற அளவுக்குச் செய்து கொடுப்பது என் தொழில். பட்டறையில் நான் ஒருவன்தான். ஊரிகத்தில் அப்போது நடந்துகொண்டிருந்தது, தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றின் சமையலறை. மேடைக்குக் கீழே மூன்று பிளைவுட் பெட்டிகள், மேலே ஒரு அலமாரி. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கல் மேஸ்திரி வந்து பெட்டிகளின் மேல் கிரானைட்டைப் பதிப்பதாக ஏற்பாடு. அதற்குள் உள்பக்கம் மைக்கா ஒட்டி முடிக்க வேண்டும்.

அந்த வீட்டுக்காரர்களை நான் பார்த்ததே இல்லை. கணவனும் மனைவியும் பெங்களூரில் வேலை. விடியற்கால ரயிலில் போய், ராத்திரி ரயிலில் திரும்புகிறவர்கள். வேலையைச் சொன்னது அந்தப் பெண், அதுவும் ரயிலில் இருந்து, போனில். சாவி மீட்டர் பெட்டிக்குள் இருக்கும் என்றாள். சமைக்கிறவரின் முழங்கை உயரம் வேண்டும் என்று கேட்டேன். வழக்கமாக எல்லோரிடமும் கேட்பது. சமைக்கிறவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து அதுவரை அளந்து, ஆறு அங்குலம் கழித்தால் அவருக்கான மேடை உயரம். ரயில் சத்தத்தில் அவள் சொன்னது: “நார்மலா வெச்சிடுங்கண்ணா.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது அந்த வீட்டில் இறங்கி, ஒரு நிமிடத்தில் அளந்திருக்கலாம். செய்யவில்லை. ஞாயிறு வேலை பார்ப்பதில்லை என்பதைக் காரணமாக வைத்துக்கொண்டேன்.

நேரில் பார்க்காவிட்டாலும் எங்களுக்குள் பேச்சு இருந்தது. இரண்டாம் நாள் ஒரு சந்தேகத்தைப் பெட்டியின் பக்கப் பலகையில் பென்சிலால் எழுதிவிட்டு வந்தேன்: “மசாலா டப்பாக்கள் எத்தனை?” மறுநாள் கீழே பதில் இருந்தது: “பதினாலு. கடுகு, சீரகம் மட்டும் கைக்கு எட்டுற மாதிரி.” பிறகு தினமும் ஏதாவது இருக்கும். “இட்லிப் பானை இந்த மூலையில்தான் வைப்போம்.” “டிராயர் சத்தம் போடக் கூடாது.” ஒரு நாள், “நேத்து ரயில் லேட், எட்டு மணிக்குச் சமைச்சா தூக்கம்தான் வருது.” இன்னொரு நாள், “அண்ணா, டீ குடிப்பீங்களா? பிளாஸ்க்ல இருக்கு.” அதற்குப் பிறகு தினமும் பிளாஸ்க்கும் கவிழ்த்த டம்ளரும் ஜன்னலோரம் இருந்தன. நான் “டீ நன்றாக இருந்தது” என்று எழுதினேன். மறுநாள் அதையே எழுதக் கூடாது என்று, பென்சிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். “இஞ்சி கூடுதல், எனக்குப் பிடிக்கும்” என்று எழுதினேன். மைக்கா ஒட்டினால் எழுத்தெல்லாம் மறைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு நாளும் அவற்றை நாட்குறிப்பில் பார்த்து எழுதிக்கொண்டேன். மொத்தம் பதினொன்று. அந்த வீட்டு எழுத்து உருண்டையாக, ஒரே சீராக இருந்தது. அந்தப் பெண்ணுடையது என்றே நினைத்திருந்தேன்.

என் மனைவி மகள் வீட்டுக்குப் போய் அப்போது இரண்டு வருடம் நான்கு மாதம். மகளுக்கும் மருமகனுக்கும் பெங்களூரில் வேலை, பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூன்று மாதம் என்றுதான் போனாள். சண்டை எதுவும் இல்லை. பட்டறையை விட்டு நான் போக முடியாது, குழந்தையை விட்டு அவள் வர முடியாது. தினமும் ஏழரைக்குப் போன் செய்வாள். அது தவிர, சில நாள் யாரோடும் இருபது சொல்லுக்கு மேல் பேசியிருக்க மாட்டேன். அந்தப் பென்சில் எழுத்துகளை நான் எவ்வளவு எதிர்பார்த்தேன் என்பதற்கு இது போதும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மீட்டர் பெட்டியில் சாவி இல்லை. கதவைத் தட்டினேன். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, நொண்டியபடி வந்து திறந்தார். வாசற்படிக்கு மேலே நிலை தாழ்வு. அவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

“வாங்கண்ணா. நேத்து ரயில்ல இருந்து எறங்கும்போது கால் பெரண்டுச்சி. இன்னிக்கி ஒரு நாள் லீவு. அவ மட்டும் போயிருக்கா.”

“நீங்க ஒக்காருங்க தம்பி. நான் என் வேலையப் பாக்குறேன்.”

“ஒக்காந்தா டீ யார் போடறது? இஞ்சி கூடுதல்னு எழுதியிருந்தீங்களே.”

நான் அவரையே பார்த்தேன். “எழுதறது நீங்களா?”

“பின்ன யாரு? அவ எழுதுவாளா? அவளுக்குக் கிச்சன்ல எது எங்க இருக்குன்னே தெரியாது. சுடுதண்ணி வெக்கச் சொன்னா அதையும் கருக்கிடுவா. இத அவ கிட்ட சொல்லிடாதீங்க.”

கல் வரும்வரை பெட்டிகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதில் அடுப்பை வைத்திருந்தார்கள். அவர் அதன் முன்னால் நின்று இஞ்சி நசுக்கினார். நல்ல உயரம். கழுத்தும் முதுகும் வளைந்து, ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்து நின்றார். நசுக்கி முடித்ததும் நிமிர்ந்து, முதுகைப் பின்னால் ஒரு முறை வளைத்துக்கொண்டார்.

நான் முழந்தாளிட்டு மைக்காவை வெட்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. கண் அளவில் அவருக்கு முப்பத்தாறு அங்குலமாவது வேண்டும். நான் செய்து வைத்திருப்பது, கல்லோடு சேர்த்து, முப்பத்தொன்றரை.

“ஒசரம் சரியா இருக்கா தம்பி?” என்று கேட்டேன்.

“சூப்பரா இருக்குண்ணா. பழைய மேடையவிட எவ்ளோ மேல். லைன் வீட்ல பொறந்தவன் குனியலன்னா மண்ட ஒடையும். எங்கப்பா சுரங்கத்துல முப்பது வருஷம் குனிஞ்சே வேல பாத்தாரு. நான் டீ போடக் குனிய மாட்டனா?”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீயைக் குடித்தேன். அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் மூன்று பெட்டிகளுக்கும் மைக்கா ஒட்டினேன். பதினொரு வாசகங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசியாக “டீ நன்றாக இருந்தது” என்ற என் எழுத்தை மூடி, உருளையால் அழுத்தினேன். நாலேகாலுக்குக் கிளம்பும்போது, புதன்கிழமை வேலைக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

“போய்த்தான் ஆவணும். நொண்டிக்கிட்டே போவேன். சீட்டாவது யாராவது குடுப்பாங்க.”

பட்டறைக்கு வந்ததும் வேலை நோட்டைப் புரட்டினேன். இந்த முப்பத்தொன்றரை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஊரிகம் வீட்டுப் பக்கத்தில், முழங்கை என்ற இடம் காலியாக இருந்தது. அதன் கீழே மேடை: 31½ என்று என் கையெழுத்திலேயே, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. பழைய நோட்டுகளை எடுத்தேன். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு, முப்பத்திரண்டே முக்கால் எல்லாம் இருந்தன. முப்பத்தொன்றரை ஒரே ஒரு பக்கத்தில்தான் இருந்தது. அது எங்கள் வீட்டுச் சமையலறை. முழங்கை முப்பத்தேழரை, என் மனைவியுடையது.

“நார்மல்” என்று ஒருத்தி சொன்னதும் என் கை அதை எழுதியிருக்கிறது. எனக்கும் அந்த மேடை தாழ்வுதான். இரண்டு வருடமாக அதில் குனிந்து சமைத்துப் பழகிவிட்டதால், ஊரிகத்தில் பெட்டிகளை நிறுத்தி ரசமட்டம் வைத்துப் பார்த்தபோதும் எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

வீட்டுக்குப் போய் அந்த மேடையின் முன்னால் நின்றேன். மறுநாள் பத்து மணிக்குக் கல் ஏறிவிடும். பசை இறுகினால் அதை உடைக்காமல் எடுக்க முடியாது. அந்த மனிதர் தினமும் எட்டு மணிக்கு ரயிலில் இருந்து இறங்கி வந்து, இன்னும் இருபது வருடமாவது அங்கே குனிந்து நிற்பார். அவருக்கு அது தெரியவே தெரியாது. குனிந்து பிறந்தவன் என்பார். தெரிந்தவன் நான் ஒருவன். அளவில் தவறமாட்டான் என்று பெயர் வாங்கியவன், பார்க்காமலே அளவு எழுதினேன் என்று போய் நிற்க வேண்டும். ஏன் அந்த அளவு என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்பது அதைவிடச் சங்கடம்.

ஏழரைக்குப் போன் வந்தது.

“இன்னா சாப்ட்டீங்க?”

“இனிமேதான். ரசம் வெக்கணும்.”

“மழையா அங்க?”

“தூறுது.” வழக்கமாக இதற்குப் பிறகு பேரனைப் பற்றிச் சொல்வாள். நான் குறுக்கிட்டேன். “ஏன், அங்க சமைக்கற மேடை எத்தினி ஒசரம்?”

“இன்னாது?”

“மேடை. நீ சமைக்கறது.”

“எனக்கு இன்னா தெரியும்? மார்ல வந்து இடிக்குது. பழைய பேப்பரக் கட்டுக் கட்டி அது மேல நின்னுதான் தோச ஊத்துறேன். நாலு வெரல் ஒசரம். சில நாள் வழுக்குது.”

“சொல்லவே இல்லியே.”

“கேட்டீங்களா? சாப்ட்டியா, தோள் வலி எப்டி இருக்குன்னு கேப்பீங்க. மாத்திரை போடுன்னு சொல்லி வெச்சிடுவீங்க. தோள் ஏன் வலிக்குதுன்னு நானும் யோசிக்கல.”

ஊரிகம் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். அளவு எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். அங்கே குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“அந்தாள் ஒசரத்துக்கு எம் மேடையா? முதுகு ஒடிஞ்சிடும் பாவம். காலையில மொதல்ல போய்ச் சொல்லிடுங்க.”

“சொல்லணும்.”

“நீங்களும் அதுலதான் குனியறீங்க. தச்சர் வீட்லயே மேடை சரியில்லன்னா ஊரு சிரிக்கும். ஒங்க ஒசரத்துக்கு ஏத்திக்கறதுதானே.”

“எதுக்கு? நீ வந்தப்புறம்…” என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை.

“ரசம் வெச்சி சாப்டுங்க. வெறும் ஊறுகா வெச்சிக்கினு படுக்காதீங்க,” என்றாள். ஏழு நாற்பத்தொன்பதுக்குப் போனை வைத்தாள். பத்தொன்பது நிமிடம். மற்ற நாட்களில் ஆறு, ஏழு.

ரசம் வைத்தேன். ஊரிகத்தில் மூன்று பெட்டிகளும் மூன்று அங்குல அடிச்சட்டத்தின் மேல் நிற்கின்றன. சட்டத்தை மட்டும் கழற்றி, உயரமான வேறொன்றைக் கீழே கொடுத்தால் போதும். சிங்க் எதிர்ச் சுவரில் இருப்பதால் குழாய்த் தொந்தரவு இல்லை. ஒருவனாகச் செய்தால் நான்கு மணி நேரம். ஆனால் சரியான அளவு அவருடைய முழங்கையில் இருந்தது, அவர் விடியும்முன் ரயிலுக்குப் போய்விடுவார். இதை எழுதிவிட்டு ஒன்பதரைக்குப் படுத்தேன்.

ஜூலை 10, புதன். மூன்றரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சவில்லை. பட்டறையைத் திறந்து, எட்டங்குலப் பலகைகளை இரண்டடித் துண்டுகளாக வெட்டிக் கட்டி, ரம்பத்தோடு மொபெட்டில் ஏற்றினேன். நாலு நாற்பதுக்கு ஊரிகம் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தப் பெண் தலைவாரிக்கொண்டே திறந்தாள். ரயிலில் கேட்ட அதே குரல்.

“இன்னாண்ணா இந்நேரத்துல?”

“மேடை அளவு தப்பும்மா. என் தப்பு. அவருக்கு அது நாலு இன்ச்சுக்கு மேல தாழ்வு. பத்து மணிக்குள்ள ஏத்திடுறேன். ஒரு நிமிஷம் அவர நிக்கச் சொல்லுங்க.”

அவர் வாயில் பிரஷ்ஷோடு உள்ளேயிருந்து நொண்டி வந்தார். “நான்தான் சூப்பரா இருக்குன்னேனே.”

“நீங்க குனிஞ்சிதான் நின்னீங்க. பாத்துட்டு சும்மா வந்துட்டேன்.”

“அப்ப அது யாரு அளவுண்ணா?”

“என் வீட்டுக்காரம்மாவோடது.”

அந்தப் பெண் அவர் தோளைத் தட்டி, “நேரா நில்லு, ரயிலுக்கு நேரமாவுது,” என்றாள். அவர் சுவரோரம் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினார். தரையில் டேப்பை ஊன்றி மேலே இழுத்தேன். நாற்பத்திரண்டு. நோட்டில் காலியாக இருந்த இடத்தில் எழுதினேன்.

அவர்கள் போனதும் முதல் பெட்டியை நகர்த்தி, அதன் அடிச்சட்டத்தைக் கழற்றினேன். மூன்று அங்குலம், நாலு விரல் உயரம்; மேலே ஒரு பலகை அடித்தால் நின்றாலும் வழுக்காது. அதை மற்ற துண்டுகளோடு போடாமல், பெங்களூருக்குக் கொண்டுபோவதற்காக வாசலில் தனியாக எடுத்து வைத்தேன்.