மறைந்த நாள்: நல்லா இருக்காக

சத்யா யாரென்று கேட்டால், என் சித்தப்பா மகன் சேவுகனுடைய மருமகள். போன தையில்தான் எங்கள் பங்காளி வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தாள். அறந்தாங்கியில் வெப்சைட் செய்து கொடுக்கிற வேலை. கையும் வாயும் ஒன்றுக்கொன்று சளைக்காது.

குலசாமி படைப்புக்கு முன்னால் பங்காளிகள் அத்தனை பேரையும் ஒரு வெப்சைட்டில் கொண்டுவருகிறேன் என்று அவளாகவே இறங்கினாள். ஆளுக்கொரு படம், பெயர், ஊர். செத்துப்போனவர்களுக்கு மட்டும் மறைந்த நாளும் வேண்டுமே? அதற்கு ஒரு விதி வைத்தாள். ‘மறைந்த நாள்’ கட்டத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அந்த வரியைக் காட்டு, பெயருக்கு முன்னால் ‘அமரர்’ சேர். காலியாக இருந்தால் இரண்டையும் மறைத்துவிடு. கட்டங்களை அந்தந்த வீட்டார் போனிலேயே நிரப்பினார்கள்.

வெப்சைட் திறந்த அன்றே சேவுகனின் அண்ணன் அடைக்கலத்துக்குத் துபாயிலிருந்து போன். அவர் தங்கை மகன் தமிழ்செல்வன், அண்ணன் எடுத்ததும் மதினிதான் எடுத்தார் என்று நினைத்து ஒரே அழுகை.

“அத்தே, எப்ப எடுக்குறீங்க?”

“போனத்தானே? எடுத்துட்டேன், பேசுடா!”

அப்புறம்தான் தெரிந்தது, வெப்சைட்டில் ‘அமரர் அடைக்கலம்’ என்று இருக்கிறது. அண்ணன் கொதித்துவிட்டார். எங்களில் அவர்தான் மூத்தவர். படைப்பில் சாமிக்கு முதல் இலை அவர் கையால்தான் போட வேண்டும்.

“செத்தவன் எலை போடக் கூடாது. நான் வரல.”

வந்த வருசமே படைப்பைக் கெடுத்தவள் என்ற பேர் சத்யா தலையில் விழப் பார்த்தது. அவள் அசரவில்லை. ஸ்கூட்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கே போய்விட்டாள்.

“மாமா, மறைந்த நாளுன்னு ஒரு கட்டம் இருந்துச்சே, அதுல யாரு என்ன எழுதுனது?”

அடுப்படியிலிருந்து பிரகதாம்பாள் மதினி எட்டிப் பார்த்தார்.

“நான்தான்த்தா. அதப் போயி காலியா விடுவாகளா? எமன் வந்து எழுதிட்டுப் போயிருவான். அதான் ‘நல்லா இருக்காக’ன்னு போட்டேன்.”

சத்யா போனைத் திறந்து காட்டினாள். ‘அமரர் அடைக்கலம். மறைந்த நாள்: நல்லா இருக்காக.’

அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “ஏன்டி, அங்கிட்டுப் போயும் நல்லாத்தான் இருக்கேனா?”

சத்யா உட்கார்ந்த இடத்திலேயே விதியை மாற்றினாள்: கட்டத்தில் தேதி இருந்தால் மட்டுமே அமரர்.

“அத்தை எழுதுனத அழிச்சிரவா மாமா?”

“அது கெடக்கட்டும். எனக்கு மட்டும் என்னத்துக்கு? தேதி இல்லாத எல்லாருக்கும் போடு.”

அப்படியே போட்டாள். இப்போது உயிரோடு இருக்கிற பங்காளி ஒவ்வொருவர் பெயருக்குக் கீழேயும் ‘நல்லா இருக்காக’ என்று வருகிறது.

படைப்பன்று அண்ணன் முதல் இலையைப் போட்டுவிட்டு, பந்திப் பக்கம் திரும்பிச் சத்தம் கொடுத்தார்:

“அமரர் எலை போட்டாச்சு! நல்லா இருக்கவுகள்லாம் வந்து உக்காருங்க!”