கவிழ்த்து வைத்த கரண்டி

அந்த வீட்டில் கதவே கிடையாது. இருந்த கதவுகளை எல்லாம் கழற்றிப் போட்டவளே ரோஸ்விட்டாதான். இன்றைக்கு அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஏதோ ஒரு கும்பலிடம் போய் மாட்டிக்கொண்ட அப்பாவிப் பெண் என்று உச்சுக் கொட்டுகிறார்கள். அதெல்லாம் சும்மா. திருப்புளியைக் கையில் எடுத்துக்கொண்டு, படுக்கையறை, குளியலறை, கக்கூஸ் என்று ஒன்று விடாமல் கீல்களைக் கழற்றி, கதவுகளை முதுகில் சுமந்து வந்து முற்றத்தில் அடுக்கியவள் அவள். இரண்டு பெரிய கதவுகளைச் சேர்த்துப் போட்டுத்தான் சாப்பாட்டு மேசை செய்தார்கள். சாவித் துவாரத்தில் ரொட்டித் தூள் போய் அடைத்துக்கொள்ளும். அதை முள்கரண்டியால் குத்தி எடுப்பதும் அவள் வேலைதான்.

ஃபில்ஸ் ஆற்றோரம் பாழாய்க் கிடந்த பழைய மாவு மில் அது. அறுபத்தேழாம் வருஷம் இலையுதிர் காலத்தில் பத்துப் பதினைந்து பேர் அங்கே குடியேறினார்கள். லாண்ட்ஸ்ஹூட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்த ரோஸ்விட்டா ஒரு சனிக்கிழமை அங்கே ஆடப் போனாள். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பவில்லை. அவள் அப்பா ஸாவெர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்க்கிறவர். அந்த மனிதர் சாப்பிட்டு முடித்துக் கத்தியைத் துடைத்து வைக்கும்வரை வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளுக்கு, எல்லாரும் ஒரே சமயத்தில் பேசுகிற மேசை சொர்க்கமாக இருந்ததில் என்ன அதிசயம்?

அவர்கள் வாசித்ததைப் பாட்டு என்று சொன்னால் பாட்டுக்குக் கோபம் வரும். வயிற்றுவலி வந்த மாட்டைப் போல ஒருவன் கிதாரில் ஒரே சுரத்தை ஒரு மணி நேரம் இழுப்பான். இன்னொருத்தி சலவைத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாள். வாசிக்கத் தெரிந்தவன், தெரியாதவன் என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் குழுவில் இருக்கிறவர்கள். ரோஸ்விட்டாவின் கையில் மாட்டு மணி. குழுவுக்கு ‘ஹைட்சுங்’ என்று பெயர். வீட்டைச் சூடாக வைக்கிற ஏற்பாட்டுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். அந்த வீட்டில் சமையலறை விறகடுப்பைத் தவிர அது எங்கேயும் கிடையாது. அந்த ஏக்கத்தில் வைத்த பெயர்.

கிதார் வாசித்த ஃபோல்க்மார் பல் டாக்டர் மகன். தலைவன் என்று இங்கே யாரும் இல்லை என்று தினமும் தலைவன் மாதிரி நின்றுகொண்டு சொல்வான். ரேடியோ ரிப்பேர் படித்த இங்கோல்ஃபுக்குப் பேச்சு வராது, டேப் ரெக்கார்டர்தான் அவனுக்குப் பிள்ளை குட்டி. ‘கதவே இல்லாத வீட்டில் மைக்கை மட்டும் ஏன் மூடி வைக்கணும்’ என்று எல்லா அறையிலும் மைக் தொங்கவிட்டிருந்தான். சமையலறையிலும் ஒன்று, வெங்காயக் கொத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. நாளாக ஆக, அது இருப்பதே யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போயிற்று.

அந்த வீட்டில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒரு விஷயம் முடிவாக வேண்டும் என்றால் சூப்புக் கரண்டி மேசையைச் சுற்றி வரும். சம்மதம் என்றால் அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடலாம். ஒருவர் கவிழ்த்தால் போதும், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. தன் வீட்டில் ‘வேண்டாம்’ என்று ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்காத ரோஸ்விட்டாவுக்கு அந்தக் கரண்டிமேல் அப்படி ஒரு மயக்கம்.

எழுபதாம் வருஷம் ஜனவரியில், மழையும் பனியும் கலந்து அடித்த ஒரு மத்தியானம், அவள் தம்பி கோர்பினியன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

“அப்பா அடிச்சிட்டாருக்கா. பட்டாளத்துக்குப் போகமாட்டேன்னேன். நானும் இங்கயே இருந்துடறேன். விறகு வெட்டுவேன், டிரம் அடிப்பேன். என்ன சொன்னாலும் செய்யறேன்.”

புதிதாக ஒருவர் தங்க வேண்டுமென்றாலும் கரண்டி சுற்ற வேண்டும். வந்தவர் அதுவரை முற்றத்தில் நிற்க வேண்டும், முடிவை மட்டும்தான் வெளியே போய்ச் சொல்வார்கள். கோர்பினியன் கதவு அடுக்குக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றான். உள்ளே எல்லாரும் சிரித்துக்கொண்டே கரண்டியைக் கைமாற்றினார்கள், ஃபோல்க்மார் உட்பட. ரோஸ்விட்டாவின் கைக்கு வந்தது. தம்பி வந்தால் அவன் பின்னாலேயே அப்பா வருவார், போலீஸ் வரும், அம்மாவின் அழுகை வரும். இரண்டு வருஷமாகத்தான் அவள் தன் இஷ்டத்துக்கு மூச்சு விடுகிறாள். கரண்டியைக் கவிழ்த்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வெளியே போய்ச் சொன்னதும் அவன் கேட்டான், “யாருக்கா வேணாம்னது?”

“ஃபோல்க்மார்.”

“அந்த நெட்டையனா? போகட்டும் விடு. நீயாவது எனக்காகப் பேசியிருப்ப, எனக்குத் தெரியும்.” தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிப் போனான். போய்ச் சேரவில்லை. பாலம் தாண்டியதும் வளைவில் லாரி.

அடக்கம் முடிந்து மில்லுக்குத் திரும்பிய அவள், சமையலறையில் தனியாக நின்று ரொட்டி வெட்டினாள். மற்றவர்கள் விறகு பொறுக்கப் போயிருந்தார்கள். வெட்ட வெட்ட, செத்துப் போன தம்பியிடம் பேச ஆரம்பித்தாள். தங்கள் கிராமத்துப் பேச்சில், சின்ன வயசில் அவனைத் திட்டுகிற மாதிரியே திட்டினாள். “ஏன்டா மழையில வண்டிய எடுத்த? அறிவில்ல? இங்க ஒருத்தர் வேணாம்னா போதும்டா. அந்த ஒருத்தி நான்தான்டா. நான்தான்டா கவுத்தேன், கோர்பி.” அதற்குப் பிறகு வார்த்தை இல்லை. அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தம் மனுஷச் சத்தமாகவே இல்லை. வெங்காயக் கொத்துக்குப் பக்கத்தில் மைக் தொங்கிக்கொண்டிருந்தது.

நாலைந்து நாள் கழித்து ஃபோல்க்மார் முகம் சிவக்க மேசைக்கு வந்தான். ஹாம்பர்க்கில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனி அவர்களைக் கூப்பிட்டிருந்த நேரம் அது. “ரோஸி, இங்கோல்ஃப் பழைய டேப்ப ஓட்டிப் பாத்தான். நீ பேசினது அதுல இருக்கு. ரெண்டு வருஷமா நாம மாடு மாதிரி அடிச்சோமே, ஒரு நிமிஷமாவது இப்படி வந்துச்சா? இது ரெக்கார்டுல வந்தே ஆகணும்.”

ரோஸ்விட்டா குறுக்கே புகுந்தாள். “எங்கம்மாவுக்கு அவன் இங்க வந்ததே தெரியாது. தெரியவும் கூடாது.”

“பேர் போடமாட்டோம். நாமதான் யார் பேரும் போடறதில்லையே.”

“கரண்டியச் சுத்து,” என்றாள். சுற்றியது. அவள் கையில் வந்ததும் ஓசை கேட்கும்படி கவிழ்த்தாள். ஃபோல்க்மார் கதவு மேசையின் சாவித் துவாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இங்கோல்ஃப் எழுந்து போய் ஒரு டேப் சுருளைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான்.

“இதுதான். வேணாம்னா வேணாம்தான். நீயே உன் கையால போட்டுடு.”

அடுப்பைத் திறந்து போட்டாள். நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. அவள் இங்கோல்ஃபின் தோளில் சாய்ந்து அழுதாள். இந்த வீட்டில் மனுஷன் என்று ஒருத்தன் இருக்கிறான் என்று நினைத்தாள். அவன் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தான். அந்தக் கையை என்ன சொல்வது?

பிப்ரவரியில் தம்பியின் முப்பதாம் நாள் பூசைக்கு ஊருக்குப் போனாள். அம்மா கிரெஸென்ட்ஸ் கணவரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். சூப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஸ்டூலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். “இந்த மனுஷன் அன்னிக்கு அவன அடிக்காம இருந்திருந்தா புள்ள வண்டியத் தொட்டிருக்கமாட்டான்,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். “எங்க போனான், யாரப் பாத்தான், ஒண்ணும் தெரியல. யார் வீட்டுலயாவது அவன ஒரு ராத்திரி தங்க வச்சிருக்கக் கூடாதா?” அப்பா கத்தியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். ரோஸ்விட்டாவுக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கிவிட்டாள். பழி அப்பாவின் தலையிலேயே கிடக்கட்டும் என்று பேருந்து ஏறினாள்.

மில்லில் வேனைக் காணவில்லை. எல்லாரும் ஹாம்பர்க் போயிருந்தார்கள். பூசை தேதி அவளே சொன்னதுதான். ஆனால் கம்பெனிக்காரன் அவசரப்படுத்தியிருப்பான் என்று அவளாகவே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வசந்தத்தில் இசைத்தட்டுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். முதல் பக்கம் வழக்கமான தகர டப்பா. தன் மணிச் சத்தம் வந்த இடத்தில் ரோஸ்விட்டா கைதட்டிச் சிரித்தாள். இரண்டாம் பக்கத்தில் ரொட்டி வெட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “ஏன்டா மழையில வண்டிய எடுத்த?”

யாரும் அவளைப் பார்க்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, அவளைத் தவிர மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் இது முன்பே தெரியும்.

“நான் எரிச்சது எத?” என்று இங்கோல்ஃபைக் கேட்டாள்.

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான். “ஆடு கத்தினதுன்னு ஒரு டேப் வச்சிருந்தோமே, அது.”

“கரண்டிய கவுத்தேனே. நீங்க எல்லாரும் பாத்தீங்களே.”

ஃபோல்க்மார் தொண்டையைச் செருமினான். “ஸ்டுடியோவுல மறுபடி சுத்தினோம், ரோஸி. அங்க இருந்தவங்கள்ல ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல. மேசையில இருக்கறவங்க சொல்றதுதானே நம்ம வழக்கம்.”

“நான் என் தம்பி பூசையில இருந்தேன்.”

“தெரியும்.”

அந்தத் ‘தெரியும்’ என்ற வார்த்தையில்தான் அவளுக்கு எல்லாம் விட்டுப் போயிற்று. இவர்களுக்காகத்தானே பெற்றவர்களை விட்டாள்? இவர்களோடு இருக்கிற இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே கூடப் பிறந்தவனை மழையில் அனுப்பினாள்? அவள் ஏதோ சொல்ல வாயெடுக்குமுன் அவன் முந்திக்கொண்டான். “ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு உன் தம்பிகிட்ட யார் பேரச் சொன்ன? என் பேரத்தானே? முற்றத்துல நீ பேசினது எனக்குக் கேட்டுச்சு. அவன் சாகற வரைக்கும் என்னத் திட்டிக்கிட்டே போயிருப்பான். நான் ஏன்னு கேட்டேனா?”

அவன் சொன்னது உண்மைதான். இருந்தாலும் சொல்கிறேன், ஒரு பெண்ணின் பொய்க்குப் பதிலடியாக அவள் ஒப்பாரியை எடுத்து விற்கிறவன் பல் டாக்டர் மகனாக இருந்தாலும் அயோக்கியன்தான். அன்றைக்கே துணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க அங்கே ஒரு கதவுகூட இல்லை.

லாண்ட்ஸ்ஹூட்டில் ஒரு அறை எடுத்து, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பத்திரிகைக்காரர்கள் அந்த ஓலத்தை எழுதி எழுதி மாய்ந்தார்கள். யார் குரல் என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பிரார்த்தனை. மரம் அறுக்கிற ஊரில் இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள், அம்மா காதுக்கு மட்டும் போகாமல் இருந்தால் போதும். கோடை முழுக்க ஊர்ப் பக்கம் போகாமல் ஏதேதோ சாக்குச் சொன்னாள்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இனியும் தட்டிக்கழிக்க முடியாமல் போனாள். மேசையில் மூன்று தட்டு, நடுவில் பிளம் கேக். ஸ்டூல் பழையபடி அப்பாவுக்கு எதிரே திரும்பியிருந்தது.

“இன்னொரு துண்டு எடுத்துக்குங்க,” என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். ரோஸ்விட்டாவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா, சமாதானம் ஆகிவிட்டார்கள்.

“எப்பம்மா பேச ஆரம்பிச்சீங்க?”

“ரேடியோ கேட்டதுலேர்ந்து,” என்றாள் அம்மா. “இந்தக் காலத்துப் பசங்க வாசிக்கிறதப் பத்தி ஏதோ சொல்லிட்டிருந்தான். நான் உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன். பெத்த புள்ள குரல் தெரியாதா எனக்கு?”

அலமாரிப் பக்கம் ஒரு துணியை விலக்கினாள். ஊரில் யாரிடமோ இரவல் வாங்கிய கிராமபோன். அதன்மேல் ஹைட்சுங்கின் இசைத்தட்டு. பக்கம் திருப்பி, எந்த இடம் என்று பழகிய கையால் ஊசியை வைத்தாள். ரொட்டி வெட்டுகிற சத்தம் சமையலறையை நிறைத்தது.

அப்பாதான் முதலில் பேசினார். எந்தப் பழியை அவள் அவர் தலையில் விட்டுவிட்டுப் போனாளோ, அதைச் சுமந்த மனுஷன். “போதும், கிரெஸென்ட்ஸ். நிறுத்து. புள்ளைக்குக் காப்பி ஆறுது.”

அம்மா கையைக் கட்டிக்கொண்டு மகளைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். “அவ சொல்லட்டும். அங்க ஒருத்தர் வேணாம்னா போதுமாமே. வேணாம்னு சொல்லட்டும், நிறுத்திடறேன்.”

ரோஸ்விட்டாவின் வாயில் அந்தச் சொல் வரவில்லை. தட்டு முடிகிறவரை மூன்று பேரும் கேட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் போனாள், அதற்கடுத்த ஞாயிறும் போனாள். அம்மா கண்ணை மூடுகிறவரை, காப்பிக்குப் பிறகு அந்தத் தட்டு ஓடியது.