ஊதா என்றால் என்ன கலர்

எனக்குக் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் வெள்ளை விளக்கு எரிய, நடுவில் பெயிண்ட் காய்ந்த கார் பாடி ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். அதில் கடுகளவு தூசு ஒட்டியிருந்தாலும் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பத்து வருஷமாக இதே வேலை. சோறு போட்டாலும் நான் முதலில் தட்டின் ஓரத்தைத்தான் பார்ப்பேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். உண்மைதான், பார்ப்பேன்.

அவர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். இந்தப் பக்கத்து ஆள், கத்தோலிக்கக் குடும்பம். நான் தென்காசிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் டிரெயினியாக வந்தவள். எங்கள் வீட்டில் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். அந்த ஆட்டோவில் ஏறியவளுக்கு இறங்க மனசு வராமல் போன கதையை இங்கே சொல்லப் போவதில்லை.

முதலில் இருங்காட்டுக்கோட்டையில் ஹாஸ்டல், கல்யாணத்துக்குப் பிறகு வாடகை வீடுகள். எங்கே போனாலும் சுவர் ஒரே சந்தன கலர். ஆணி அடிக்கக் கூடாது, காலண்டர் ஒட்டக் கூடாது. ஒரு வீட்டுக்கார அம்மா, நான் சாய்ந்து உட்கார்ந்த இடத்தில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது என்று என் தலையையே முறைத்துப் பார்த்தார். இத்தனை வருஷத்தில், 'சுவருக்கு எந்த கலர் வேண்டும்' என்று ஒரு ஜீவன் என்னைக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது, சுவர் என்னுடையதா என்ன? ஆனாலும் அந்த ஏக்கம் எனக்கு இருந்தது. சுவரைப் பார்த்தால் என் சுவர் என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். போன வருஷம் மாமியார் வீட்டை ஒட்டிக் கிடந்த இடத்தில் எங்கள் வளையைக் கட்டினோம். ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, ஒரு சமையலறை. பூச்சு வேலை முடிந்து சுவர் காய்ந்ததும் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஹாலுக்கு இன்னா கலர் ஓணும், சொல்லு."

பத்து வருஷம் காத்திருந்த கேள்வி. யோசிக்கவே இல்லை.

"ஊதா. நல்ல ஊதா."

"அதான் தெரியுமே" என்று சிரித்தார். எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஆள் வைக்க வேண்டாம், தானே அடிப்பதாகச் சொன்னார். எனக்குக் கவலையெல்லாம் வேலைச் சுத்தத்தைப் பற்றித்தான். ரோலர் தடம் தெரியக் கூடாது, ஓரம் நேராக வர வேண்டும், முதல் கோட் காயாமல் இரண்டாவது அடிக்கக் கூடாது என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். கலரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கம்பெனியில் வெள்ளையிலேயே மூன்று வெள்ளை உண்டு. கலர் நம்பர் இல்லாமல் யாரும் வாயைத் திறக்க மாட்டோம். அப்பேர்ப்பட்டவள், வாய்ப்பேச்சில் ஊதா என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் என்னை ஹாலுக்குள் விடாமல் பின்பக்கமாகவே நடத்தினார். மூன்றாம் நாள் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது, தலைமுடியெல்லாம் பெயிண்ட் புள்ளியோடு வாசலில் நின்று கதவைத் திறந்துவிட்டார்.

நான்கு சுவரும் கத்தரிப்பூ.

அழுகை முதலில் வந்ததா கோபம் முதலில் வந்ததா, ஞாபகமில்லை. பேச்சு வந்தபோது கோபமாகத்தான் வந்தது.

"என்னத்த அடிச்சு வச்சிருக்கீய?"

"ஊதா!" என்றார், பரிசு வாங்கப் போகிற முகத்தோடு.

"இது கத்தரிப்பூ கலருல்லா? நான் கேட்டது ஊதா. பேனா மை கலரு!"

"மை கலர்னா ப்ளூ. ஊதான்னா இதான்மே!"

சத்தம் கேட்டு மாமியார் கையில் கரண்டியோடு வந்துவிட்டார். சுவரைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடா இது? தவக்காலத்துல சுரூபத்த மூடி வெச்சா மாரி கீது வூடு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இவர்கள் கோவிலில் சாமியார் போடும் அங்கி, பீடத்துத் துணி, சுரூபம் என்கிற சிலைகளை மூடும் துணி எல்லாமே இந்தக் கலர்தான். அதற்கு இவர்கள் சொல்லும் பெயர் ஊதா. சின்ன வயதிலிருந்து அவருக்கு ஊதா என்றால் அதுதான். எங்கள் ஊரிலோ பேனாவுக்குப் போடுவது ஊதா மை, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப் போனது ஊதாப் பாவாடை. நீலம் என்ற சொல் எங்களுக்குப் பாடப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது.

விளங்கினாலும் விட மனசில்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? என் ஆசையை என்னன்னு நினைச்சீய?" என்று ஆரம்பித்தேன்.

அவர் விடுவிடென்று படுக்கை அறைக்குப் போய் பீரோவைத் திறந்தார். நிச்சயதார்த்தப் புடவையை எடுத்து வந்து ஹால் தரையில் போட்டார். அதன் மேல் என் குடை, மழைக்கோட்டு, சாப்பாட்டுப் பை, குளிருக்கு வாங்கித் தந்த சால்வை. அத்தனையும் கத்தரிப்பூ.

"இதெல்லாம் யாருக்கோசரம் வாங்கினேன்? பொண்ணு பாக்க வந்தப்போ உனுக்கு இன்னா கலர் புடிக்கும்னு கேட்டேன். ஊதான்னு சொன்னே. ஆறு வருஷமா தேடித் தேடி வாங்கிகினு கீறேன்."

சால்வையைக் கையில் எடுத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னேன்.

"நான் உங்களுக்குப் பிடிச்ச கலருன்னு நினைச்சுல்லா எல்லாத்தையும் கட்டிக்கிட்டு அலைஞ்சேன்."

"எனுக்கா? இதுவா?" என்றார் அவர். "இத்தப் பாத்தாலே எனுக்குப் பசி எடுக்கும். தவக்காலத்துல எங்கம்மா கறி ஆக்காது."

மாமியார்தான் முதலில் சிரித்தார். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் குவியலைச் சுற்றி நாங்களும் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஆறு வருஷம், இரண்டு பேர், ஒருவருக்கும் பிடிக்காத ஒரு கலர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர் வந்ததும் கடைக்குப் போனோம். இந்த முறை ஷேடு கார்டில் விரலை வைத்துக் காட்டி, நம்பரை எழுதி வாங்கினேன். கத்தரிப்பூ லேசில் மறையவில்லை. மேலே இரண்டு கோட் வெள்ளை அடித்த பிறகுதான் அடங்கியது. அதற்கு மேல் என் ஊதா ஏறியது. அவர் ரோலர் பிடிக்க நான் ஓரம் அடித்தேன். முடிந்ததும் சுவரை ஒட்டித் தலை சாய்த்து உட்கார்ந்து பார்த்தேன். அழகாக இருந்தது. எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

அடுத்து படுக்கை அறை. சும்மாதான் கேட்டேன்.

"உங்களுக்கு எந்த கலரு பிடிக்கும்?"

ரோலரைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எனுக்கா?" என்று மறுபடியும் கேட்டார். ரொம்ப நேரம் யோசித்தார்.

"தெர்லமே. யாரும் கேட்டதில்ல. வண்டி மஞ்சா, சட்டை காக்கி, வூட்ல நீ சொன்ன ஊதா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னை யாரும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று பத்து வருஷம் மூக்கைச் சிந்தினேன். பக்கத்திலேயே இருந்த மனிதரை நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஷேடு கார்டை ஒரு வாரம் ஆட்டோவிலேயே வைத்துக்கொண்டு சுற்றினார். சவாரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாராம். கடைசியில் எடுத்து வந்தது கிளிப்பச்சை. சாதாரணப் பச்சை இல்லை, பார்த்தாலே கத்துகிற பச்சை. அடித்து முடித்து, கையைக் கட்டிக்கொண்டு நடு அறையில் நின்றார்.

"எப்டி கீது?"

ஆறு வருஷம் பொய்யாகத் தலையாட்டியது போதும் என்று நினைத்தேன்.

"எனக்குப் பிடிக்கலைங்க" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சுருங்கும் என்று பயந்தேன். சுருங்கவில்லை.

"பரவால்லமே" என்றார். "எனுக்குப் புடிச்சிகீது."

தனக்கு ஒன்று பிடித்திருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அந்த அறையில்தான் இப்போது தூங்குகிறோம்.