ரூபியின் அம்மாவுக்கு நான் கொடுத்த வேலை

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. நல்ல டீச்சர் என்று ஊரில் நாலு பேர் இன்னும் சொல்கிறார்கள். அப்படி யாராவது சொன்னால் எனக்கு ரூபியின் அம்மா ஞாபகம் வந்துவிடும், பேச்சை மாற்றிவிடுவேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டீச்சர்கள் யாருக்காவது உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளி. நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரு தலைமுறைக்கு முன்னால் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பங்கள்தான் எல்லாம். இப்போது பாதிப் பேர் கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபர்.

ஆங்கிலத்தில் 'மை ஃபேமிலி' பாடம் நடத்துவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஃபாதர் என்றால் என்ன என்று கேட்டால் பாதி வகுப்பு "அப்பா" என்னும், மீதி "நைனா" என்னும். அங்கிள், ஆன்ட்டியெல்லாம் சொல்லித்தரவே வேண்டாம். மளிகைக் கடைக்காரர் அங்கிள், அவர் சம்சாரம் ஆன்ட்டி என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். தகராறு அடுத்த வாக்கியத்தில்தான். 'மை ஃபாதர் இஸ் எ...' என்று ஆரம்பித்தால் முடிக்க வேலை வேண்டும். புத்தகத்தில் டாக்டர், டீச்சர், ஃபார்மர், டிரைவர், நர்ஸ் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகளின் வீட்டில் இருந்தவர்கள் அதில் இல்லை.

"டீச்சர், எங்க நைனா ஃபர்னஸ்ல கீறாரு. அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஃபர்னஸே இங்கிலீஷ்தான், உக்காரு" என்று அடக்கிவிட்டேன். அவன் கேட்டது அந்த இரும்பு உருக்கும் உலையில் நிற்கிற மனுஷனை என்னவென்று சொல்வது என்று. எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு கம்பெனி எங்கள் பள்ளிக்குப் பெரிய டிவி கொடுப்பதாகச் சொல்லி, முதலில் பள்ளியைப் பார்க்க ஆட்களை அனுப்பியது. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"உங்க கிளாஸ் பசங்கதான் நாலு வரி இங்கிலீஷ் பேசுதுங்க. ரெடி பண்ணிடுங்க டீச்சர். டிவி கைய விட்டுப் போயிடப் போவுது."

ரெடி பண்ணினேன். ரேஷன் கடையில் அரிசி போடுவது போல ஆளுக்கொரு வேலையை எடுத்துப் போட்டேன். உங்கப்பா டிரைவர். உங்கப்பா ஃபார்மர். ரூபிதான் வகுப்பில் கெட்டிக்காரி, திக்காமல் பேசுவாள். அதனால் அவளுக்கு நல்லதாக ஒன்று கொடுத்தேன்: மை மதர் இஸ் எ நர்ஸ்.

ரூபி என் மேஜை ஓரம் வந்து நின்றாள். "டீச்சர், எங்கம்மா நர்ஸ் இல்லியே. நம்ம ஸ்கூலத்தானே பெருக்குது."

அவள் அம்மா எஸ்தர்தான் எங்கள் பள்ளியின் துப்புரவுப் பணியாளர். காலையில் எங்களுக்கு முன்னால் வந்து வகுப்புகளைப் பெருக்கி, கக்கூஸ் கழுவி, குடிதண்ணீர் நிரப்பி வைப்பவர். எனக்குத் தெரியாதா என்ன?

"தெரியும்மா. புக்குல இருக்கறதச் சொல்லு. கேக்கறவங்களுக்கு நல்லா இருக்கணும்ல" என்றேன்.

இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் இவ்வளவு வேகமாக எந்தப் பாடமும் எந்தப் பிள்ளைக்கும் நான் புரியவைத்ததில்லை. அம்மாவின் வேலை கேட்க நல்லா இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவள் கேள்வியே கேட்கவில்லை.

கம்பெனியிலிருந்து இரண்டு சாரும் ஒரு மேடமும் வந்தார்கள். ரூபி தலை நிமிர்ந்து நின்று கணீரென்று சொன்னாள். மை மதர் இஸ் எ நர்ஸ் என்று அவள் சொல்லும்போது, தலைமை ஆசிரியை அனுப்பிய டீத் தட்டோடு எஸ்தர் வகுப்புக்குள் வந்துகொண்டிருந்தார்.

மேடம் கை தட்டினார். "வெரி குட். அம்மா வந்திருக்காங்களா பாப்பா?"

ரூபி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். எஸ்தரும் என்னைத்தான் பார்த்தார். இதோ நிற்கிறார்களே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? நான் சொன்னது இது:

"டூட்டில இருக்காங்க மேடம். வரல."

எஸ்தர் ஒவ்வொருவர் முன்னாலும் டீயை வைத்தார். எனக்கும் வைத்தார். வெறும் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த டீயை நான் குடித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சாயந்திரம் கதவைப் பூட்ட வந்தவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"டீச்சர், எனக்கு இங்கிலீஷ் வராது. நர்ஸுன்னா தெரியும். ரூபி பொறந்தப்ப மொதல்ல கையில வாங்குனதே நர்ஸம்மாதான். நல்ல வேலதான், இல்லன்னு சொல்லல. ஆனா நான் அங்கயே நின்னுக்கினு இருந்தேனே டீச்சர்."

"சும்மா பசங்க பிராக்டிஸுக்குத்தான் எஸ்தர். மனசுல வெச்சுக்காத" என்றேன். அப்போதெல்லாம் அவரை நான் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். இத்தனைக்கும் அவருக்கும் எனக்கும் ரெண்டு வயசுதான் வித்தியாசம்.

டிவி வந்தது. ரூபி மாறிப்போனாள். காலையில் அம்மாவோடு வருவதை விட்டுவிட்டாள். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியருகே எஸ்தர் "ரூபி" என்று கூப்பிட்டதும் காது கேளாதது போலப் போனாள். வராண்டாவில் நின்று நான் பார்த்தேன். பிள்ளைகள் விளையாட்டு, நாலு நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த மாதமே பெற்றோர் கூட்டம். எஸ்தர் வேலையை முடித்து, குளித்து, சர்ச்சுக்குக் கட்டும் சேலையில் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் சேர்ந்திருந்த ஒரு டீச்சர் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினாள்.

"ரூபி, அம்மா வந்திருக்காங்களா?"

ரூபி எழுந்தாள். "டூட்டில இருக்காங்க மிஸ். வரல."

என் வார்த்தை, என் குரலின் ஏற்ற இறக்கம்கூட அப்படியே. எழுந்து நின்றேன்.

"வந்திருக்காங்க. அதோ மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அன்னிக்கு கம்பெனிக்காரங்க முன்னால இந்தப் பொய்யச் சொன்னது நான். ரூபி என்கிட்டதான் கத்துக்கிட்டா. அவள யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

எஸ்தர் வந்து எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தார். ரூபி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்குக் கொஞ்சம் இறங்கியது. அவர்களுக்கு இறங்கவில்லை. அடுத்த மாதம் எஸ்தர் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"கம்பெனில ஹவுஸ்கீப்பிங்குக்குக் கூப்டாங்கோ டீச்சர். இதே வேலதான். அங்கன்னா எம்பொண்ணு கண்ணுல படமாட்டேன்."

"போகாதீங்க எஸ்தர். ரூபிகிட்ட நான் பேசறேன்."

"இன்னா டீச்சர், புதுசா நீங்க வாங்கன்றீங்க" என்று சிரித்தார். "வுடுங்க. நீங்க பேசி ஆவுற வேலையா இது? புள்ள ஸ்கூல்ல நிமிந்து நடக்கட்டும்."

அடுத்த வருஷத்திலிருந்து பாடத்தை மாற்றினேன். இது மை மதர், இது மை ஃபாதர் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். வேலையைப் பிள்ளையே தானாகச் சொன்னால், அதற்கான வார்த்தையைக் கம்பெனி ஆட்களிடமாவது கேட்டுவந்து கரும்பலகையில் எழுதுவேன். ஃபர்னஸ் ஆபரேட்டர், லோடர், ஹவுஸ்கீப்பர். சின்ன டீச்சர்களே, நீங்களும் அதைச் செய்யுங்கள். புத்தகத்தில் வேலை குறைவாக இருந்தால் புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் அம்மாவை மாற்றாதீர்கள்.

ரூபி ஐந்தாம் வகுப்பு வரை எங்களிடம்தான் படித்தாள். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் எஸ்தரை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் எல்லா வகுப்புப் பதிவேடும் என் பொறுப்பில் இருக்கும். கேட்காமல் இருக்க முடியாது.

"அம்மா வரலியா ரூபி?"

"டூட்டில இருக்காங்க டீச்சர். வரல."

அப்போது அது பொய் இல்லை. நான்தான் அதை உண்மையாக்கியிருந்தேன்.